சப்பாத்துப் பூவில் ஒரு சிவப்புச் சாயம்

லயத்து வாசலில் பூத்து நிற்கிற செவ்வரத்தையை எல்லோருக்கும் தெரியும். சப்பாத்துப் பூ என்றும் சொல்லுவோம்; வில்கமுவப் பக்கத்துச் சிங்களச் சனங்களுக்கு அது 'வத மல்'. அதன் சிவப்பைப் பிரித்தெடுத்துப் பிள்ளைகளோடு ஒரு பாடம் படிக்கலாம்.

முதலில் பூவைச் சரியாகப் பாருங்க. அலரிப் பூவும் சிவப்பாக இருக்கும். அது இதயத்தைத் தாக்குகிற நஞ்சு. செவ்வரத்தையில் நடுவே நீளமான தண்டு வெளியே நீட்டி நிற்கும், அதில் மகரந்தம் ஒட்டியிருக்கும். அலரியில் அப்படிக் கிடையாது. மருந்து அடிக்கிற தேயிலை மலை ஓரத்துப் பூவையும் தொடாதீங்க. கழுவினால் போய்விடும் என்று நம்ப முடியாது.

10 பூவின் இதழ்களை மட்டும் கிள்ளிக் கழுவி, ஒரு கோப்பை கொதிநீரில் 10 நிமிடம் மூடி வையுங்க. இரும்புச் சட்டி வேண்டாம், சாயம் கறுத்துப் போகும். வடித்தால் கத்தரிப்பூ நிறம்தான் வரும். "சிவப்பு எங்கே?" என்று பிள்ளைகள் கேட்பாங்க. மூன்று கிளாஸில் ஊற்றுங்க. ஒன்றில் தேசிக்காய் பிழிந்தால் பளிச்சென்று சிவப்பு. இன்னொன்றில் அப்பச்சோடா போட்டால் பச்சைக்குத் திரும்பும். மூன்றாவது ஒப்பிட்டுப் பார்க்க.

இந்தச் சாயத்தின் பெயர் அந்தோசயனின். புளிப்புக்கும் காரத்துக்கும் ஏற்றபடி அதன் மூலக்கூறு மாறுகிறது, நிறமும் மாறுகிறது. 1664இல் ராபர்ட் பாயில் என்ற விஞ்ஞானி வயலட் பூச் சாற்றில் இதே மாற்றத்தை எழுதி வைத்தார். பிளேன்டீயில் தேசிக்காய் விட்டால் வெளுக்குதே, அதுவும் புளிப்பின் வேலைதான். சாயம் மட்டும் வேறு.

2024 பெப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாயைத் தடை செய்தார்கள். துணிக்குப் போடுகிற ரோடமின்-பி அதில் இருந்ததுதான் காரணம். வீட்டுச் சர்பத்துக்கு நம்ம பூச்சாறே போதும். கடைச் சர்பத்தில் அப்பச்சோடா போட்டும் நிறம் மாறாவிட்டால் அது இந்தப் பூச்சாயம் இல்லை. ஆனால் நஞ்சா இல்லையா என்று இந்தச் சோதனை சொல்லாது. சந்தேகம் வந்தால் பி.எச்.ஐ. ஐயாவிடம் சொல்லுங்க.

சாறு வெயில் பட்டால் வெளுத்துவிடும், அன்றன்றைக்கே செய்து குடிக்கணும். பிள்ளைத்தாச்சிப் பெண்கள் மிட்வைஃப் அம்மாவைக் கேட்காமல் குடிக்க வேண்டாம்.