கொதித்தாலும் அழியாத நஞ்சு

எங்கள் வீட்டில் கொதித்தாறிய தண்ணீரைத்தான் குடிப்போம். "கொதிச்ச தண்ணியில கிருமி மிஞ்சாது" என்று உம்மா சொல்வார். அது சரிதான். ஆனால் கிருமி வேறு, நஞ்சு வேறு என்பதை உயர்தர வகுப்புக்கு வந்த பின்னரே நான் விளங்கிக்கொண்டேன்.

2014 ஆகஸ்ட் மாதம் ஐக்கிய அமெரிக்காவின் டொலிடோ நகரில் 400,000 இற்கும் அதிகமான மக்களுக்கு ஓர் அறிவித்தல் வந்தது. குழாய்நீரைக் குடிக்க வேண்டாம், கொதிக்கவைத்தும் குடிக்க வேண்டாம் என்பதே அது. நகருக்கு நீர் வழங்கும் ஈரி ஏரியில் நீலப்பச்சை அல்காக்கள் பெருகி, மைக்ரோசிஸ்டின் என்னும் நஞ்சு குடிநீரில் கலந்திருந்தது.

அல்கா என்று அழைத்தாலும் இவை உண்மையில் சயனோபற்றீரியாக்கள். உரமும் கழிவுநீரும் கொண்டுவரும் பொசுபேற்று, நைத்திரேற்று என்பன இவற்றுக்கு உணவாகின்றன. நமது கண்டி வாவியிலும் 1999 இல் இவ்வினம் பெருகி நீரைப் பச்சையாக்கியது.

மைக்ரோசிஸ்டின் ஏழு அமினோ அமிலங்கள் வளையமாக இணைந்த மூலக்கூறு. இது ஈரலைத் தாக்கும். வெப்பத்தால் எளிதில் சிதையாது. கொதிக்கும்போது நீர் ஆவியாகிப் போக, நஞ்சின் செறிவு கூடிவிடும். செப்பு சல்பேற்று இட்டு அல்காக்களைக் கொன்றாலும், கலங்கள் உடைந்து உள்ளிருக்கும் நஞ்சு நீரில் கலக்கும். மைக்ரோசிஸ்டினின் ஒரு வகைக்கு உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் அனுமதிக்கும் அளவு, லீற்றருக்கு 1 மைக்கிரோகிராம் மாத்திரமே.

இந்த நஞ்சை உடைக்க ஒளியைப் பயன்படுத்தலாம். வெள்ளைப் பூச்சுமையில் சேர்க்கப்படும் தைத்தேனியம் ஈரொட்சைட்டு ஓர் ஒளியூக்கி. 1972 இல் புஜிஷிமா, ஹொண்டா ஆகிய ஜப்பானிய விஞ்ஞானிகள், ஒளிபட்ட இச்சேர்வை நீரையே பிரிக்கும் என வெளியிட்டனர். ஏறத்தாழ 388 நனோமீற்றருக்குக் குறைந்த அலைநீளமுள்ள கழியூதாக் கதிர் இதில் படும்போது ஓர் இலத்திரன் உயர்சக்தி நிலைக்குத் தாவுகிறது. அது விட்டுச்சென்ற வெற்றிடம் நீரிலிருந்து ஐதரொட்சில் மூலிகத்தை உருவாக்குகிறது. மிக வேகமாகத் தாக்கமுறும் அம்மூலிகம் நஞ்சின் இரட்டைப் பிணைப்புகளைத் தாக்கி மூலக்கூறைச் சிதைக்கிறது. ஊக்கியோ செலவாவதில்லை.

அப்படியானால் இதை ஏன் எல்லாக் குளங்களிலும் போடக்கூடாது? நானும் முதலில் இப்படித்தான் யோசித்தேன். சூரிய ஒளியில் கழியூதாக் கதிர் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவே உண்டு. கலங்கிய நீரில் ஒளி ஆழமாகச் செல்லாது. நீரிலுள்ள ஏனைய சேதனப் பொருட்களும் மூலிகத்தைப் பிடித்துக்கொள்ளும். தூளாக இட்டால் பின்னர் அதை வடித்தெடுக்க வேண்டும். எனவேதான் ஊக்கியைக் கண்ணாடி போன்ற பரப்புகளில் பூசிப் பயன்படுத்தவும், கட்புலனாகும் ஒளியிலேயே தொழிற்படச் செய்யவும் ஆய்வுகள் நடக்கின்றன.

இவற்றையெல்லாம் உம்மாவிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப கொளத்துக்குள்ள அழுக்குப் போறத்த முதல்ல நிப்பாட்டணும்" என்றார். நான் எழுத நினைத்த முடிவுரையும் அதுவே. தண்ணீரைக் கொதிக்கவைப்பதை நிறுத்த வேண்டாம். கிருமிகளுக்கு அது அவசியம். ஆனால் பச்சைப் படலம் மிதக்கும் நீரை, கொதிக்கவைத்தாலும் குடிக்காதீர்கள்.