மாணவர்களை ரோமுக்கு அழைத்துப் போகிறீர்களா?

முதல் வேலை, எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கிப் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறது என்று பார்ப்பது. விமானக் கட்டணம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். கல்லூரிப் பதிவேட்டில் ‘எஸ். கார்த்திக்’ என்றிருப்பவர் பாஸ்போர்ட்டில் ‘கார்த்திக் செல்வராஜ்’ ஆகியிருப்பார். சிலருக்குக் குடும்பப் பெயர்க் கட்டமே காலியாக இருக்கும். கொலோசியத்துக்கு 2023 அக்டோபரிலிருந்து பெயர் போட்ட டிக்கெட்தான். வாசலில் அடையாளச் சான்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடி ஒரே பட்டியல் தயாரித்து, விசா முதல் விடுதி வரை அதையே கொடுங்கள்.

அடுத்தது ஷெங்கன் விசா. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறைவாக இருந்தால் வாங்க மாட்டார்கள். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். கல்விப் பயணம் போகும் மாணவர்களுக்கும் உடன் போகும் ஆசிரியர்களுக்கும் விசா கட்டணம் கிடையாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. நிறுவனத்தின் கடிதத்தை வைத்துக் கேட்டு வாங்குங்கள். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி.

ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். ஃபோரம் இடிபாடுகளில் ஒதுங்க நிழல் குறைவு. நவம்பரோ பிப்ரவரியோ நல்லது. நகர மையத்துக்குள் சுற்றுலாப் பேருந்து நுழையத் தனி அனுமதி வேண்டும் என்பதால், மெட்ரோ ஏ அல்லது பி பாதையை ஒட்டி விடுதி பிடித்துவிட்டு நடப்பதே மேல். விமான நிலையத்திலிருந்து டெர்மினி ரயில் நிலையத்துக்கு லியோனார்டோ எக்ஸ்பிரஸ் 32 நிமிடத்தில் வந்துவிடும்.

நிகழ்ச்சி நிரலில் ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடத்துக்கு மேல் எழுதாதீர்கள். ஆறு இடம் பார்த்த பிள்ளைக்கு ஆறும் குழம்பிப்போயிருக்கும்.

முதல் நாள் கொலோசியம். டிக்கெட்டில் நுழையும் நேரம் குறித்திருக்கும். 18 வயதுக்குக் கீழே இலவசம் என்றாலும் அவர்களுக்கும் முன்பதிவு செய்தாக வேண்டும். அதே டிக்கெட்டில் ஃபோரமும் பாலட்டைன் குன்றும் அடக்கம். ஃபோரத்தின் ஓரத்தில் மாக்சென்டியஸ் பசிலிக்காவைக் காட்டும்போது, அதன் அடியில் டொமிஷியன் கட்டிய மிளகுக் கிடங்கு இருந்ததையும் சொல்லுங்கள். முசிறி பக்கத்திலிருந்து கப்பலேறிய மிளகு வந்து சேர்ந்த ஊர் இது. நம் பிள்ளைகள் அங்கே கொஞ்சம் நிமிர்ந்து நிற்பார்கள்.

இரண்டாம் நாள் வாட்டிகன். அருங்காட்சியகம் ஞாயிறன்று மூடியிருக்கும். மாதக் கடைசி ஞாயிறு மட்டும் இலவசமாகத் திறப்பார்கள், கூட்டம் தாங்காது. புதன் காலையில் போப்பின் சந்திப்பு நடக்கும், அன்றும் தவிர்க்கலாம். தோளும் முழங்காலும் மறையாவிட்டால் புனித பேதுரு ஆலயத்துக்குள் விட மாட்டார்கள். சிஸ்டைன் சிற்றாலயத்துக்குள் பேசவோ படமெடுக்கவோ கூடாது. ஆகவே மிக்கேலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை தீட்டிய விதானத்தைப் பற்றி முந்தின இரவே விடுதியில் படம் காட்டி விளக்கிவிடுங்கள்.

மூன்றாம் நாள் நடை: நவோனா சதுக்கம், பாந்தியன், ட்ரெவி நீரூற்று. மழை பெய்தால் பாந்தியனுக்கே முதலில் ஓடுங்கள். கூரையின் நட்டநடுவே சுமார் ஒன்பது மீட்டர் அகலத்துக்குத் திறந்தவெளி. மழை நேரே உள்ளே விழுந்து, தளத்தில் போட்டிருக்கும் சிறு துளைகள் வழியே வடிந்துவிடும். ஹேட்ரியன் காலத்துக் குவிமாடம். இரும்புக் கம்பி இல்லாத கான்கிரீட், விட்டம் 43 மீட்டர். சிவில் மாணவர்கள் குழுவில் இருந்தால் அவர்களை அங்கிருந்து கிளப்புவதுதான் கஷ்டம்.

நான்காம் நாளுக்குப் பலர் பொம்பேயைப் போடுவார்கள். போகவர அலைச்சலே பாதி நாளைத் தின்றுவிடும். ஓஸ்டியா ஆன்டிகா போதும் என்பது என் கட்சி. பிரமிடே மெட்ரோ நிலையத்தை ஒட்டிய போர்த்தா சான் பாவ்லோவிலிருந்து அரைமணி ரயில். திங்களன்று விடுமுறை. பழைய துறைமுக நகரம். மாடிக் குடியிருப்புகள், எரிமலைக் கல்லில் செய்த மாவரைக்கும் திரிகைகள், வரிசையாகத் துளையிட்ட பளிங்குப் பொதுக் கழிப்பறை எல்லாம் அப்படியே. வணிகர் சதுக்கத்தில் ஒவ்வோர் அலுவலகத்தின் முன்னும் கல் பதித்த தரை ஓவியம்: கப்பல், கலங்கரை விளக்கம், ஒரு யானை. ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்து, எந்தச் சரக்கு, எந்த ஊர் என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

ஸ்பானியப் படிக்கட்டில் உட்கார்ந்தால் அபராதம், 2019இலிருந்து இப்படி. பேருந்தில் ஏறியதும் டிக்கெட்டை இயந்திரத்தில் முத்திரையிட வேண்டும். 64ஆம் எண் பேருந்தும் டெர்மினி மெட்ரோவும் ஜேப்படிக்காரர்களுக்குப் பேர்போனவை. தண்ணீர் பாட்டில் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். தெருவெங்கும் இருக்கும் ‘நசோனி’ இரும்புக் குழாயின் வாயை விரலால் அடைத்தால், மேலே உள்ள துளையிலிருந்து தண்ணீர் வளைந்து எழும். வாயருகே பிடித்துக் குடிக்கலாம்.

சைவக்காரர்களுக்குத் துண்டுப் பீட்சாதான் துணை. எவ்வளவு வேண்டும் என்று கையால் காட்டினால் வெட்டி எடை போட்டுத் தருவார்கள். சோற்று உருண்டை மாதிரி இருக்கும் சுப்ளியில் பெரும்பாலும் இறைச்சி இருக்கும், கேட்டுவிட்டு வாங்குங்கள். பெக்கொரினோ சீஸ் ஆட்டுக்குட்டியின் இரைப்பை நொதியால் உறைய வைத்தது. கடும் சைவர்களுக்கு ஆகாது.

கடைசியாக, ஐந்து பேருக்கு ஒரு தலைவர். ஏறும்போதும் இறங்கும்போதும் அவர் எண்ணிச் சொல்ல வேண்டும். மெட்ரோவில் கதவு மூடிச் சிலர் நடைமேடையில் நின்றுவிட்டால், ஏறியவர்கள் அடுத்த நிலையத்தில் இறங்கி அங்கேயே நிற்கட்டும். விடுபட்டவர்கள் அடுத்த வண்டியில் வந்து சேரட்டும். ஆபத்துக்கு எண் 112. விடுதியின் பெயரும் முகவரியும் எழுதிய சீட்டு ஒவ்வொருவர் பையிலும் இருக்கட்டும், செல்பேசியில் சார்ஜ் தீர்ந்திருக்கும்.