மெல்ல நடக்கும் நாடி

உலகில் உழைப்பன எல்லாம் இளைப்பாறுகின்றன. பகலெல்லாம் ஏர் இழுத்த காளை மாலையில் கட்டுத்தரையில் படுத்து அசைபோடுகின்றது. சென்னிமலையில் கைத்தறி நெய்வோர் இருள் சூழ்ந்ததும் தறிக்குழியினின்று எழுகின்றனர். ஆயின், மாந்தர் உடம்பினுள் ஓர் உறுப்பு மட்டும், தாயின் வயிற்றில் கருவாய் இருந்த காலத்தே தொடங்கிய தன் தொழிலை இறுதி மூச்சு வரையில் விடுவதில்லை. அதுவே இதயம். மூடிய கையளவே உடைய அவ்வுறுப்பு நிமிடத்திற்கு 72 முறை துடிப்பதாகக் கொண்டால், ஒரு நாளில் 1,03,680 முறை துடிக்கின்றது. ஒரு துடிப்பிற்கும் அடுத்த துடிப்பிற்கும் இடைப்பட்ட நொடிப்பொழுதே அதற்கு வாய்த்த ஓய்வு. அவ்வோய்வு அளவாக இருத்தல் நலம். அளவு கடந்து நீளுதல் கேடு. எது நலம், எது கேடு எனப் பகுத்தறிவது எங்ஙனம் என்பதே ஈண்டு ஆராயத் தக்கது.

இதயத்தின் துடிப்பை மணிக்கட்டில் தொட்டு உணரலாம். அதனை நாடி என்பர். சித்த மருத்துவர் சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் ஆகிய மூன்றையும் மணிக்கட்டில் வைத்து, வாதம், பித்தம், ஐயம் என நாடியை மூன்றாகப் பகுத்துணர்வர். வாத நாடி அன்னமும் கோழியும் போலவும், பித்த நாடி ஆமையும் அட்டையும் போலவும், ஐய நாடி பாம்பும் தவளையும் போலவும் நடக்கும் என்பது அவர்தம் துணிபு. நாடியின் விரைவை மட்டுமன்றி அதன் நடையையும் நோக்குதல் வேண்டும் என்னும் கருத்து இவ்வுவமைகளில் அடங்கியுள்ளது. காலக்கருவி கொண்டு நாடியை எண்ணும் முறை ஐரோப்பாவில் வளர்ந்தது. இங்கிலாந்து நாட்டு மருத்துவர் ஜான் பிளாயர் என்பார், சரியாக ஒரு நிமிடம் ஓடி நிற்கும் கடிகாரம் ஒன்றைச் செய்வித்து, அதனைப் பற்றி 1707ஆம் ஆண்டில் நூலும் எழுதினார்.

நாடியை எண்ணப் புகுவோர் முதலில் ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்திருத்தல் வேண்டும். பின்னர், உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து, பெருவிரலுக்கு நேர் கீழே மணிக்கட்டில் இரண்டு அல்லது மூன்று விரல்களை மெல்லப் பதித்து, ஒரு நிமிடம் முழுமையும் எண்ணுதல் வேண்டும். பெருவிரலால் தொடுதல் கூடாது. அவ்விரலிலும் துடிப்பு உண்டாதலின் எண்ணிக்கை மயங்கும். வளர்ந்தவர்க்கு ஓய்வு நிலையில் நாடி 60 முதல் 100 வரை இருத்தல் பொது இயல்பு. பச்சிளங் குழந்தைக்கு இதனினும் மிகும். உறங்குங்கால் எவர்க்கும் குறையும்.

நாடி 60க்குக் கீழ்ச் சென்றவுடன் நோய் வந்ததென்று அஞ்சுதல் அறியாமை. நாள்தோறும் நெடுந்தொலைவு ஓடிப் பழகியவர்க்கும், நீந்துவோர்க்கும், மிதிவண்டிப் பந்தயத்தில் பயின்றவர்க்கும் நாடி 50 அளவிலும், சிலர்க்கு அதனினும் குறைந்தும் நடக்கும். இதன் காரணத்தைக் கொங்கு நாட்டு உழவர் எளிதில் உணர்வர். முன்னாளில் கிணற்றிலிருந்து கவலை இறைத்தபோது, சிறிய சால் கொண்டு இறைப்பவன் பல முறை இறைத்தால்தான் பாத்தி நிரம்பும். பெரிய சால் உடையவன் சில முறை இறைத்தே நிரப்பிவிடுவான். பயிற்சியால் வலிவுற்ற இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் மிகுதியான குருதியைச் செலுத்துகின்றது. ஒரு துடிப்பிற்கு 70 மில்லி லிட்டர் செலுத்தும் இதயம் 72 முறை துடித்தாலும், 100 மில்லி லிட்டர் செலுத்தும் இதயம் 50 முறை துடித்தாலும், நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 லிட்டர் குருதியே உடம்பிற்குக் கிடைக்கின்றது. ஆகவே, எண் ஒன்றே நோயைக் காட்டாது. உடம்பிற்கு வேண்டிய குருதி போய்ச் சேர்கின்றதா என்பதே வினா.

இதயம் தானே துடிக்கும் விந்தையை அறிந்தால், அஃது எவ்வாறு பழுதுறும் என்பதும் விளங்கும். பவானி ஆற்றின் குறுக்கே அணை கட்டி, 13ஆம் நூற்றாண்டில் காலிங்கராயன் வெட்டுவித்த வாய்க்கால், ஈரோட்டின் வழியே வளைந்து வளைந்து சென்று நொய்யலை அடைகின்றது. தலைமதகில் புறப்படும் நீர், வாய்க்கால் வழியே ஓடி, மடைதோறும் பிரிந்து, வயல்களை நனைக்கின்றது. இதயத்திலும் இத்தகைய ஓர் அமைப்பு உண்டு. வலப்புற மேலறையில் உள்ள சிறு பகுதி ஒன்றே தலைமதகு போன்றது. அங்கே மெல்லிய மின்துடிப்புத் தோன்றி, மேலறைகளில் பரவி, நடுவே உள்ள ஒரு முடிச்சின் வழியாகக் கீழறைகளைச் சென்று சேர்கின்றது. நடுவில் உள்ள அம்முடிச்சை ஜப்பானிய அறிஞர் சுனாவோ தவாரா 1906ஆம் ஆண்டிலும், தலைமதகு போன்ற பகுதியை ஆர்தர் கீத், மார்ட்டின் பிளாக் என்னும் இருவர் 1907ஆம் ஆண்டிலும் விளக்கி உரைத்தனர்.

முதுமையினால் தலைமதகு தளர்வதுண்டு. சிலர்க்கு இடைவழி அடைபடுவதுண்டு. வழி முற்றும் அடைபட்டால், கீழறைகள் தாமே நிமிடத்திற்கு 20 முதல் 40 முறை வரை துடித்து உயிரைத் தாங்க முயலும். வாய்க்காலில் நீர் வாராதபோது கசிவுநீரை நம்பி வாடி நிற்கும் பயிரின் நிலை அது. கசிவு எந்நேரத்தில் அற்றுப்போகும் என்று எவரும் கூற இயலாது.

மஞ்சள் விளையும் காட்டில் வேலை செய்யும் முதியவர் ஒருவர் வரப்பில் நடக்கையில் திடுமெனக் கண் இருண்டு விழுகின்றார் எனக் கொள்வோம். சில நொடிகளில் அவரே எழுந்து அமர்ந்து, ‘ஒன்றும் இல்லை’ என்கின்றார். அருகில் இருப்போர், ‘வெயில் தாக்கிற்று’ என்பர். ‘பித்தம் மிகுந்தது’ என்பர். எலுமிச்சைச் சாறு பருகத் தருவர். வெயிலாலும் பசியாலும் மயக்கம் வருவது உண்மையே. ஆயின், அவருடைய நாடியை எண்ணிப் பார்ப்பார் இலர். அஃது 34 என நடந்துகொண்டிருக்கலாம். இரு துடிப்புக்களுக்கு இடையே உள்ள ஓய்வு நீண்டு, மூளைக்குச் சில நொடிகள் குருதி எட்டாமையாலேயே அவர் விழுந்திருக்கலாம். அடுத்த முறை அம்மயக்கம் கிணற்று மேட்டிலோ, சாலையில் வண்டி ஓட்டும்போதோ வருமாயின் என்னாகும்? ‘முதுமை’ என்னும் ஒரு சொல்லால் மறைக்கப்படும் நோய்களுள் இஃது ஒன்று.

மருத்துவரும் முற்காலத்தில் இத்தகைய மயக்கத்தை மூளையின் நோய் என்றே கருதினர். அயர்லாந்தின் டப்ளின் நகரத்து மருத்துவரான இராபர்ட் ஆடம்சு 1827ஆம் ஆண்டிலும், வில்லியம் ஸ்டோக்ஸ் 1846ஆம் ஆண்டிலும், மெல்ல நடக்கும் நாடிக்கும் திடீர் மயக்கத்திற்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டினர். இன்றும் அம்மயக்கம் அவ்விருவர் பெயராலேயே வழங்குகின்றது.

எனவே, மெல்ல நடக்கும் நாடியோடு வேறு குறிகள் சேரும்போது விழிப்புடன் இருத்தல் வேண்டும். மயங்கி விழுதல், அடிக்கடி தலை சுற்றுதல், சிறிது நடந்தாலும் மூச்சு வாங்குதல், மார்பு வலித்தல், முன்பு செய்த வேலையைச் செய்ய இயலாதவாறு சோர்தல், மனம் தெளிவின்றிக் குழம்புதல் ஆகியன அக்குறிகள். இவற்றுள் ஒன்று இருப்பினும் மருத்துவரை நாடுதல் வேண்டும். மயக்கமோ மார்பு வலியோ மூச்சுத் திணறலோ உண்டாயின், ஒரு நாளும் தாழ்த்தலாகாது. பயிற்சி பெறாத ஒருவர்க்கு விழித்திருக்கும்போதே நாடி 40க்குக் கீழ் நடக்குமாயின், துன்பம் ஒன்றும் இல்லாவிடினும் ஆய்ந்து பார்த்தலே அறிவுடைமை.

மருத்துவர் முதலில் இதயத்தின் மின்னோட்டத்தைத் தாளில் வரைந்து காட்டும் ஈ.சி.ஜி. ஆய்வைச் செய்வார். இக்கருவியை ஆக்கிய ஐந்தோவன் என்னும் டச்சு அறிஞர் 1924ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். ஈரோட்டு அரசுத் தலைமை மருத்துவமனையிலும், பெருந்துறையில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இவ்வாய்வைச் செய்துகொள்ளலாம். நாடி தளர்வதற்குரிய காரணங்களுள் எளிதில் நீங்குவனவும் உள. தைராய்டுச் சுரப்பி குன்றினால் நாடி தளரும். சிறுநீரகம் பழுதுற்றுக் குருதியில் பொட்டாசியம் மிகுந்தாலும் தளரும். இரத்த அழுத்தத்திற்கு உண்ணும் மாத்திரைகளுள் சிலவும் நாடியைத் தளர்த்தும். அவ்வாறு ஐயுறுவோர் மாத்திரையைத் தாமே நிறுத்திவிடுதல் பெருந்தீங்கு. அதனை மருத்துவரிடம் காட்டி, அவர் கூறியவாறு ஒழுகுதலே முறை.

இடைவழி அடைபட்டவர்க்கு இந்நாளில் வழி உண்டு. சுவீடன் நாட்டைச் சேர்ந்த ஆர்ன் லார்சன் என்பவர் ஒரு நாளில் பல முறை மயங்கி விழுந்து, சாவின் விளிம்பில் கிடந்தார். அவர் மனைவி மருத்துவரையும் பொறியாளரையும் விடாது வேண்டினார். 1958ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள், பொறியாளர் உரூனே எல்ம்குவிஸ்ட் செய்தளித்த சிறு கருவியை, அறுவை மருத்துவர் ஓகே சென்னிங் அவர் உடம்பினுள் பொருத்தினார். உடம்பிற்குள் முழுவதும் வைக்கப்பட்ட முதல் இதயமுடுக்கி அதுவே. அது சில மணி நேரமே இயங்கிற்று. எனினும் முயற்சி கைவிடப்படவில்லை. கருவிகள் திருந்தத் திருந்த மாற்றப்பட்டு, லார்சன் தம் வாழ்நாளில் இருபதுக்கு மேற்பட்ட கருவிகளைப் பெற்றார். அவரைக் காத்த பொறியாளர்க்கும் மருத்துவர்க்கும் பின்னும் வாழ்ந்து, 2001ஆம் ஆண்டில் தம் 86ஆம் அகவையில் வேறொரு நோயால் மறைந்தார். பேஸ்மேக்கர் என வழங்கும் இக்கருவி இன்று தோளெலும்பின் கீழே, தோலுக்கடியில் வைக்கப்படுகின்றது. அதனைப் பெற்றோர் பலர் தத்தம் தொழிலுக்கு மீண்டுள்ளனர்.

ஒருவர் மயங்கி விழக் கண்டால், அவரை மல்லாந்து படுக்கவைத்துக் கால்களைச் சற்றே உயர்த்துக. உணர்வு திரும்பும் வரையில் வாயில் நீர் புகட்டலாகாது. 2008ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் இயங்கிவரும் 108 ஊர்தியை உடனே அழைத்திடுக. மூச்சின்றிக் கிடப்பாராயின், மார்பின் நடுவே இரு கைகளையும் வைத்து, உதவி வரும் வரையில் வலிவாகவும் விரைவாகவும் விடாது அமுக்குக.

கைக்கடிகாரமே நாடியை எண்ணிக் காட்டும் காலம் இது. எனினும், கருவி எண்ணை மட்டுமே காட்டும். அவ்வெண்ணுக்கு உரியவரின் சோர்வையும் மயக்கத்தையும் உடன் வாழ்வோரே அறிவர். வீட்டில் உள்ள அப்பாருவோ அம்மாயியோ தலை சுற்றுகின்றது என்று கூறும்போது, அருகில் அமர்ந்து, அவர் கையைப் பற்றி, ஒரு நிமிடம் எண்ணுவது அரிய செயலன்று. அந்த ஒரு நிமிடம் ஓர் உயிரைக் காத்தலும் கூடும்.

அருஞ்சொற்பொருள்

ஈண்டு – இங்கு. துணிபு – தெளிந்த முடிவு. ஐயம் – கபம். குருதி – இரத்தம். சால் – நீர் இறைக்கும் கலம். அகவை – வயது.

வினாக்கள்

1. பயிற்சி பெற்றவர்க்கு நாடி குறைந்து நடப்பது நோயாகாது, ஏன்?
2. இதயத்தின் அமைப்பிற்குக் காலிங்கராயன் வாய்க்கால் எவ்வாறு உவமையாயிற்று?
3. மெல்ல நடக்கும் நாடியோடு எக்குறிகள் சேரும்போது மருத்துவரை நாடுதல் வேண்டும்?
4. உம் இல்லத்தார் ஒவ்வொருவர்க்கும் ஓய்வு நிலையில் நாடியை எண்ணிக் குறித்து வருக.