இலங்கைக்கு எந்த மாதம் போகலாம்? முதல்முறை போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

இலங்கைக்கு நல்ல சீசன் எது என்று கேட்டால், டிராவல் ஏஜென்ட்டுகள் பலர் யோசிக்காமல் சொல்லும் பதில்: “டிசம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும்.” பாதித் தீவுக்கு அது சரி. அதே டிசம்பரில் திருகோணமலைக்குப் போனால், குடையைப் பிடித்தபடி கரையில் நின்று கடலின் சீற்றத்தைப் பார்க்கலாம். இறங்கிக் குளிக்க முடியாது. ஆகவே காலண்டர் அப்புறம். முதலில் மேப்பை எடுங்கள்.

படி 1: மழை எந்தப் பக்கம் என்று பாருங்கள்

கொழும்பில் ஜனவரிக்கும் ஜூலைக்கும் வெப்பத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. இங்கே பருவத்தைப் பிரிப்பது மழைதான். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. கொழும்பு, காலி, இரத்தினபுரி எல்லாம் நனையும். நடுவில் நிற்கும் மலைகள் மேகத்தைத் தடுப்பதால், மேற்குச் சரிவில் சில இடங்களில் ஆண்டு மழை 5,000 மில்லிமீட்டரைத் தாண்டும். மலையில் ஈரத்தையெல்லாம் இறக்கிவிட்டுக் கிழக்கே போகும் காற்று காய்ந்துபோய் வெக்கையாக வீசும். மட்டக்களப்பில் அதைக் கச்சான் என்பார்கள்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நிலைமை தலைகீழ். வடகிழக்குப் பருவக்காற்றில் கிழக்கும் வடக்கும் நனையும், தென்மேற்குக் கரையில் வெயில் காயும். இடைப்பட்ட மார்ச்–ஏப்ரல், அக்டோபர்–நவம்பர் மாதங்களில் காலையில் பளிச்சென்று இருக்கும். மதியத்துக்கு மேல் இடியோடு மழை கொட்டும்.

படி 2: இடத்தை முடிவு செய்து மாதத்தைப் பிடியுங்கள்

காலிக் கோட்டை, தெற்குக் கடற்கரை, மிரிஸ்ஸவில் நீலத் திமிங்கிலம் என்றால் டிசம்பர் முதல் மார்ச் வரை. நிலாவெளி, பாசிக்குடா, அறுகம்பேயில் அலைச்சறுக்கு என்றால் மே முதல் செப்டம்பர் வரை.

யானை பார்க்க ஆசையா? ஆகஸ்டில் மின்னேரியாவுக்குப் போங்கள். மகாசேன மன்னன் வெட்டிய குளம் அது. கோடையில் தண்ணீர் உள்வாங்க, காய்ந்த கரையில் இளம்புல் முளைக்கும். சுற்றுக் காடெல்லாம் வறண்டிருப்பதால், பிற்பகலில் குட்டிகளோடு கூட்டம் கூட்டமாக யானைகள் அந்தப் புல்லுக்கு வரும். டிசம்பரில் போனால் குளம் நிறைந்து அழகாகத்தான் இருக்கும், அந்தக் கூட்டம் இருக்காது. யால பூங்காவின் முக்கியப் பகுதியை வறட்சியால் செப்டம்பர் வாக்கில் சில வாரம் மூடுவது வழக்கம், கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

படி 3: மலைநாட்டுக்குத் தனிக் கணக்கு

நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எந்த மாதமானாலும் ஸ்வெட்டர் வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை வானம் தெளிவு. அப்போதும் ஹோர்ட்டன் சமவெளியின் ‘உலக முடிவு’ பாறை விளிம்புக்குக் காலை 9 மணிக்குள் போய்ச் சேர்ந்துவிடுங்கள். தாமதித்தால் பனிமூட்டம் ஏறிப் பள்ளத்தாக்கை மூடிவிடும்.

ஜூனில் மலை ரயில் ஏறுகிறவர்களுக்கு ஒரு வேடிக்கை காத்திருக்கும். பட்டிப்பொல தாண்டிச் சுரங்கத்துக்குள் நுழையும்போது சாரல், ஒஹிய பக்கம் வெளியே வந்தால் வெயில் என்று பல நாள் நடக்கும். இந்தத் தீவின் பருவநிலை புரிய அந்தச் சுரங்கம் ஒன்றே போதும். மண்சரிவு நேரத்தில் ரயில் ஓடாது என்பதால் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

சிவனொளிபாதமலை ஏற டிசம்பர் பௌர்ணமி முதல் மே மாத வெசாக் பௌர்ணமி வரைதான் சீசன். மற்ற மாதங்களில் வழிவிளக்கும் இல்லை, டீக்கடையும் இல்லை.

படி 4: விழா நாட்களைப் பாருங்கள்

நல்லூர்க் கந்தன் திருவிழா 25 நாள், கண்டி எசல பெரஹரா 10 நாள். இரண்டும் ஜூலை, ஆகஸ்டை ஒட்டி வரும். யாழ்ப்பாணத்து வெயிலைப் பொறுத்துக்கொண்டாவது நல்லூர்த் தேரைப் பார்க்கலாம் என்பது என் கட்சி. அறையை மட்டும் மாதக்கணக்கில் முன்னால் பிடித்துவிடுங்கள். ஏப்ரல் 14 புத்தாண்டை ஒட்டிக் கடைகள் அடைத்திருக்கும், பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது, நுவரெலியாவில் அறை வாடகை எகிறும். பௌர்ணமி தோறும் போயா விடுமுறை, அன்று மதுக்கடை கிடையாது.

படி 5: டிக்கெட் போடும் முன்

முதல் பயணத்துக்கு என்னைக் கேட்டால் பிப்ரவரி கடைசியையும் மார்ச்சையும் சொல்வேன். தெற்கில் கடல் அமைதி, மலையில் தெளிவு, வடக்கிலும் மழை ஓய்ந்திருக்கும். நெடுந்தீவுக்குக் குறிகட்டுவானிலிருந்து படகு ஏறவும் தோதான நேரம்.

நவம்பரை மட்டும் தள்ளி வையுங்கள். நம் ஊரை மிரட்டும் அதே வங்கக்கடல் புயல்கள் அங்கேயும் போகும். 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சூறையாடியதும், 2025 நவம்பர் இறுதியில் மலைநாட்டை மண்சரிவால் புரட்டிய டிட்வாவும் அந்த மாதத்தில் வந்தவைதான். நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பலையும் 2023 அக்டோபரில் தொடங்கிய சில நாட்களிலேயே பருவமழையைக் காரணம் காட்டி நிறுத்தினார்கள். மழைக்காலத்தில் கப்பலை நம்பித் திட்டம் போடாமல், விமான டிக்கெட்டே எடுத்துவிடுங்கள்.