பெப்டைடு கிரீம் பலன் தருமா?

கேள்வி: பெப்டைடு கிரீம் பூசினால் முகச்சுருக்கம் மறையுமா?

பதில்: மறையாது, கொஞ்சம் மங்கும்.

பெப்டைடு என்பது அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி. கொலாஜன் சிதையும்போது உண்டாகும் சில துண்டுகள், புதிதாகக் கொலாஜன் தயாரிக்கச் செல்களைத் தூண்டுகின்றன. கிரீம்களில் சேர்க்கப்படும் மேட்ரிக்ஸில் என்ற பெப்டைடில் இருப்பது அப்படியொரு ஐந்து அமினோ அமிலத் துண்டு. எண்ணெய்ப்பசையுள்ள மேல்தோலுக்குள் அது நுழையத் திணறும் என்பதால், பால்மிட்டிக் கொழுப்பமிலத்தை ஒட்டியிருக்கிறார்கள்.

2005இல் வெளியான ஆய்வில் 35 முதல் 55 வயது வரையிலான 93 பெண்கள், 12 வாரம் முகத்தின் ஒரு பாதியில் இந்தப் பெப்டைடு கலந்த கிரீமும் மறுபாதியில் வெறும் கிரீமும் பூசினார்கள். பெப்டைடு பக்கம் மெல்லிய கோடுகள் குறைந்தன, ஆனால் சிறிதளவே.

சுருக்கத்துக்குப் பூசும் வைட்டமின் ஏ வகை மருந்தான ட்ரெட்டினாயினுக்கு ஆதாரம் இன்னும் வலுவானது. ஆனால் தோல் எரியும், உரியும், கர்ப்பிணிகளுக்கு ஆகாது. எரிச்சல் தாங்காதவர்கள் பெப்டைடை முயன்று பார்க்கலாம், பகலில் சன்ஸ்கிரீனை விடாமல்.