எலிசபெத்தம்மாளைச் சந்தித்தலும் நோயுற்ற சகோதரிகளின் துணைக்கூட்டமும்



செபமாலையின் சந்தோஷ தேவரகசியங்களில் இரண்டாவது, தேவமாதா மலைநாட்டுக்குச் சென்று எலிசபெத்தம்மாளைச் சந்தித்த இரகசியம். மலைமேல் வாழும் நமக்கு அதில் தனி உரிமை உண்டு எனலாம். நம் குடும்பங்களில் வாய்விட்டுப் பேசப்படாத ஒரு துன்பத்தை, அந்தத் தேவரகசியத்தின் வெளிச்சத்தில் இவ்வாரம் சிந்திப்போம். பெண்களுக்கு வரும் மார்புப் புற்றுநோயே அத்துன்பம்.

அர்ச். லூக்காஸ் எழுதிய சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தைக் கவனமாய் வாசியுங்கள். முதிர்ந்த வயதில் கர்ப்பந்தரித்த எலிசபெத்தம்மாள் ஐந்து மாதம் மறைந்திருந்தாள். அவள் கணவரோ ஆசாரியர், தேவாலயத்தில் தூபங்காட்டியவர். ஆயினும் அந்நாட்களில் அவருக்குப் பேச்சு அடைபட்டிருந்தது. வீட்டில் குருவானவர் இருந்தார். அவரிடத்தில் வார்த்தை இல்லை. அப்போது அவளோடு பேச வந்தது யார்? அவளைப் போலவே அதிசயமாய்த் தாயாகியிருந்த மற்றொரு பெண். தேவமாதா அங்கே ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினாள் என்கிறது சுவிசேஷம்.

இதில் ஒரு பாடம் உண்டு. குருவானவர் செபிப்பார், தேவதிரவிய அநுமானங்களை நிறைவேற்றுவார். மருத்துவர் நோயைத் தீர்க்கப் பாடுபடுவார். ஆனால் "எனக்கும் இப்படித்தான் இருந்தது, அக்கா" என்று சொல்ல எங்களால் ஆகாது. அந்த ஒரு வார்த்தை, அதே பாதையில் நடந்த சகோதரியிடமிருந்துதான் வரவேண்டும்.

நோயைப்பற்றித் தெரியவேண்டியவை

இந்தியப் பெண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் மார்புப் புற்றுநோயே முதலிடம் வகிக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவின் மதிப்பீட்டின்படி, 2022-ம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் சுமார் 1,92,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டது. சுமார் 98,000 பேர் இதனால் மாண்டனர்.

மார்பிலோ அக்குளிலோ கட்டி, தோலில் குழிவு, காம்பு உள்ளிழுத்தல், அதிலிருந்து இரத்தம் கசிதல் ஆகியவை இதன் அடையாளங்கள். தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இராது. "வலிக்கவில்லையே" என்று பூண்டு அறுவடை முடியட்டும், மகள் கலியாணம் முடியட்டும் என்று தள்ளிப்போடுவதில்தான் பல உயிர்கள் போகின்றன. இது தொற்றுநோயன்று. பாவத்துக்குத் தண்டனையுமன்று, பிறவிக்குருடனைக் குறித்துச் சீஷர்கள் அவ்விதம் கேட்டபோது ஆண்டவர் அந்த எண்ணத்தையே மறுத்தார் (அரு. 9).

ஒரு பெண் தொடங்கிய வழி

1952-ம் ஆண்டு, நியூயார்க் நகரில் தெரேஸ் லாஸர் என்னும் பெண்மணிக்கு இந்நோய்க்காக ஒரு மார்பு அகற்றப்பட்டது. இனி கையை எப்படி அசைப்பது, எவ்வித உடை உடுத்துவது, கணவனோடும் பிள்ளைகளோடும் எப்படிப் பேசுவது என்று அவருக்குச் சொல்வார் இல்லை. தாமே வழிகண்டபின், அதே அறுவைக்குள்ளான மற்றப் பெண்களைத் தேடிச் சென்றார். கைப்பயிற்சிக்கு ஒரு பந்து, ஒரு கயிறு, உடைக்குள் வைத்துக்கொள்ள ஒரு செயற்கை மார்பு ஆகியவற்றைக் கொடுத்துத் தைரியம் சொன்னார். மருத்துவர் சிலர் இதை விரும்பவில்லை, அவர் நிறுத்தவுமில்லை. 'ரீச் டு ரிக்கவரி' என்னும் அவ்வியக்கத்தை 1969-ல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் ஏற்றுக்கொண்டது. பிறகு அது பல நாடுகளுக்கும் பரவியது.

நம் தமிழ்நாட்டிலும் பெண்களின் ஒற்றுமையே வழி திறந்தது. தம் தங்கை புற்றுநோயால் பட்ட வேதனையைக் கண்ணாரக் கண்டவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு அவர் நிதி திரட்டினார். 1952-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954-ல் அடையாறு புற்றுநோய் நிலையம் 12 படுக்கைகளோடு திறக்கப்பட்டது. ஒரு சகோதரிக்காக வடித்த கண்ணீர் எண்ணற்றவர்களுக்கு மருத்துவமனையாயிற்று.

கூட்டத்தால் ஆவதும் ஆகாததும்

ஒன்றாய்க் கூடிப் பேசுவதால் ஆயுள் நீளுமா என்று கேட்பீர்கள். 1989-ல் அமெரிக்க மருத்துவர் டேவிட் ஸ்பீகல், நோய் முற்றிய 86 பெண்களை ஆராய்ந்து, வாரந்தோறும் கூடிப் பேசினவர்கள் அதிக காலம் வாழ்ந்ததாக வெளியிட்டார். பலர் மகிழ்ந்தனர். ஆனால் 2001-ல் கனடா நாட்டில் 235 பெண்களைக் கொண்டு செய்த பெரிய ஆராய்ச்சியில் ஆயுள் நீளவில்லை என்று கண்டனர். மனவேதனையும் உடல்வலியும் குறைந்ததென்னவோ மெய். எனவே பொய்யான நம்பிக்கை வேண்டாம். கூட்டம் மருந்துக்குப் பதிலாகாது. அது சுமையை இறக்காது. சுமக்கத் தோள் கொடுக்கும். சிரேனே ஊர் சீமோன் சிலுவையை நீக்கிவிடவில்லை, கூடச் சுமந்தான். அது அற்பமான உதவியா?

நம் மலையில் இவ்வுதவி எவ்வளவு தேவை என்று எண்ணிப்பாருங்கள். மன்னவனூரிலும் பூம்பாறையிலும் இருக்கிற ஒரு தாய், கதிர்வீச்சுச் சிகிச்சைக்காக மலையிறங்கி மதுரையில் வாரக்கணக்கில் தங்கவேண்டியிருக்கும். யாரோடு தங்குவது? முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு எந்தக் காகிதம் வேண்டும்? உதிர்ந்த முடி மறுபடி வளருமா? வீங்கின கையோடு விறகு சுமக்கலாமா? போய்வந்தவள் ஒருத்தி அருகில் இருந்தால், இக்கேள்விகளை வெட்கமின்றிக் கேட்கலாம்.

கூட்டத்தின் ஒழுங்கு

முதலாவது: நோயைத் தாங்கினவர்களே கூடவேண்டும். வேடிக்கை பார்க்க ஒருவரும் வரலாகாது.

இரண்டாவது: அங்கே பேசினது அங்கேயே நிற்கவேண்டும். ஒரு வார்த்தை வெளியே கசிந்தால், ஒரு வீட்டின் பெண் சம்பந்தமே நின்றுபோகலாம்.

மூன்றாவது: மருத்துவம் சொல்லலாகாது. "ஊசியை நிறுத்து, நாட்டுமருந்து போதும்" என்பவள் சகோதரியின் உயிரோடு விளையாடுகிறாள். கைப்பயிற்சியும் சுமை தூக்குவதும்கூட மருத்துவரைக் கேட்டே.

நான்காவது: இந்து, முஸ்லிம், பிரிந்த சபைச் சகோதரிகளுக்கும் கதவு திறந்திருக்கவேண்டும். நோய் சாதியும் மதமும் கேட்டு வருவதில்லை.

ஐந்தாவது, மிகக் கடினமானது: நோய் திரும்பினவளை ஒதுக்கலாகாது. அவளைக் காணும்போது, "நாளை எனக்கும் இப்படியோ" என்ற அச்சம் மற்றவர்களுக்கு எழும். எழுந்தாலும் அவள் இருக்கையை எடுத்துவிடாதீர்கள். எல்லாரும் ஓடினபோது சிலுவையடியில் நின்றது பெண்களே அல்லவா?

எல்லாருக்கும் சில வார்த்தைகள்

கணவர்களே, உங்கள் மனைவியின் அழகு அறுவைக் கத்தியால் குறைவதில்லை. ஆஸ்பத்திரிக்கு அவளைத் தனியே பஸ் ஏற்றி அனுப்பாதீர்கள். கலியாணத்தில் நீங்கள் கொடுத்த வார்த்தை வியாதிக்கும் சேர்த்துக் கொடுத்ததே.

நோயுற்ற சகோதரிகளே, முன்னோர் அவஸ்தைப்பூசுதல் என்று அழைத்த அநுமானத்தைக் கண்டு அஞ்சாதீர்கள். இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1963-ல் அதற்கு நோயில்பூசுதல் என்பதே பொருத்தமான பெயர் என்று கற்பித்தது. கடின நோய்க்காகச் செய்யும் அறுவைக்கு முன்னும் அதைப் பெறலாம். சாவின் அறிவிப்பாக அதை எண்ணவேண்டாம். வேதனையில் அர்ச். ஆகத்தம்மாளையும் வேண்டிக்கொள்ளுங்கள். சிசிலித் தீவில் வேதத்துக்காக மார்பறுக்கப்பட்டாள் என்று பாரம்பரியம் கூறும் அக்கன்னிகையின் திருநாள் பெப்ருவரி 5.

குணம்பெற்ற சகோதரிகளே, இப்போது உங்களிடமே வருகிறேன். சர்வேசுரன் நமக்குத் தரும் ஆறுதல் நம்மோடு நின்றுபோவதற்கன்று. துன்பப்படும் பிறருக்கு நாம் அதைக் கொடுப்பதற்கே என்று அர்ச். சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதின இரண்டாம் நிருபத்தின் தொடக்கத்தில் போதிக்கிறார். நீங்கள் பட்டது வீண்போகவேண்டாம். மாதம் ஒருமுறை கூட உங்களில் இருவர் மூவர் மனம்வைத்தால், என்னிடமாவது நம் கன்னியரிடமாவது தனியே சொல்லுங்கள். பெயர் பிரசங்க மேடையில் வாசிக்கப்படமாட்டாது; கூட்டத்தில் குருவானவரும் இருக்கமாட்டார்.

தேவமாதா எலிசபெத்தம்மாளைச் சந்தித்த திருநாளை மே 31-ல் திருச்சபை கொண்டாடுகிறது. கதவைச் சாத்திக்கொண்டு மறைந்திருக்கும் எலிசபெத்தம்மாள் உங்கள் தெருவிலும் இருக்கக்கூடும். அவள் வந்து கேட்கட்டும் என்று காத்திராதீர்கள். எழுந்து போய், வாசலில் நின்று, வாழ்த்துச் சொல்லுங்கள்.