பழைய மலையாள ஆவணத்துக்கு ஆங்கிலப் பிரதி வேண்டுமா?

களியக்காவிளைப் பக்கத்து வீடுகளில், இப்பகுதி தமிழகத்தோடு இணைந்த 1956 நவம்பர் 1-க்கு முந்தைய பிரமாணங்கள், ஞானஸ்நானச் சீட்டுகள் பலவும் மலையாளத்தில் இருக்கும். விசாவுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு கேட்டால், யார் செய்ததை ஏற்பார்கள் என்று கேட்ட அலுவலகத்திலேயே முதலில் விசாரியுங்கள். மொழிபெயர்க்கவும் சரிபார்க்கவும் நோட்டரிக்கு 1952-ஆம் ஆண்டு நோட்டரிச் சட்டம் அதிகாரம் தருகிறது. அவர் மலையாளம் வாசிக்கத் தெரிந்தவராக இருப்பது மிக முக்கியம்.

பெரும்பாலும் பிசகுவது தேதிதான். இந்த ஆவணங்களில் காணும் கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. ஆவணி முதல் டிசம்பர் முடிய 824, ஜனவரி முதல் ஆடி முடிய 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். 1100 ஆவணி என்றால் 1924. கொல்லம் தேதியையும் அருகில் அப்படியே எழுதச் சொல்லுங்கள்.

அப்போஸ்டில் (வெளிநாட்டுப் பயன்பாட்டுக்கான சான்று) தேவையா? பாறசாலையில் வாங்கிய சான்றிதழுக்குக் கேரள அரசும், இங்கே வாங்கியதற்குத் தமிழக அரசும் முதலில் சான்றொப்பம் இட வேண்டும். வெளியுறவு அமைச்சகம் அதற்குப் பிறகுதான்.